சாவிக்காரியின் முதல் கிளாஸ்

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, இரண்டு பேர் நின்றால் நிறைந்துவிடுகிற ஒரு கடை. அதில் உட்கார்ந்து சாவி வெட்டுகிறவளைத் தெருவே சாவிக்காரி என்றுதான் கூப்பிடும். சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டுத் திருதிருவென்று முழிக்கிறவர்கள் அவளிடம்தான் ஓடி வருவார்கள். அவளும் பையைத் தூக்கிக்கொண்டு போய்த் திறந்துவிட்டு, "உள்ள போய் முதல்ல ஒரு வாய் தண்ணி குடிங்க, முகமே சரியில்ல" என்று சொல்லிவிட்டு வருவாள். இப்படி ஊரே நம்பி வீட்டைத் திறந்துவிடச் சொல்கிறவளை, அவள் மாடியறையில் குடியிருக்கிற அண்ணன் வீட்டில் மட்டும் சமையலறையில் தனியாக விட மாட்டார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. சாவிக்காரி ஒரு காலத்தில் மொடாக்குடி குடித்தவள். இதில் பூசி மெழுக ஒன்றுமில்லை, அவளே மெழுகுவதில்லை. வருடாவருடம் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுப் பின்பக்கத் தோட்டத்தில் சொந்தபந்தம், அக்கம்பக்கம் எல்லாம் கூடும். பழம் போட்ட வெள்ளை ஒயின் பஞ்ச் கலக்குவது அவள் வேலை. ஆறு கோடைக்கு முன்னால், மற்றவர்களுக்கு ஊற்றியதைவிடத் தனக்கு ஊற்றிக்கொண்டது அதிகமாகி, மேசையோடு சாய்ந்து, பெரிய கண்ணாடி ஜாடியை உடைத்து, அத்தனை பேர் பார்க்கத் தரையில் கிடந்தாள். அண்ணிதான் வாரித் தூக்கினாள். மறுநாளோடு சாவிக்காரி குடியை விட்டாள். கை நடுங்கி, சாவியைத் தப்பும் தவறுமாக வெட்டி, வாடிக்கையாளர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் விட்டாள். ஆனால் விட்டது விட்டதுதான்.

வீட்டார்தான் விடவில்லை. அண்ணனுடைய பாட்டில்கள் பூட்டிய அலமாரிக்குள் போயின. சாவி அண்ணியின் கழுத்துச் சங்கிலியில் ஏறியது. பஞ்ச் நின்றுபோய், கோடைக்கூட்டத்தில் ஆளுக்கொரு கலர் சோடா பாட்டிலை நீட்டினார்கள். விருந்து களை இழந்ததற்கும் அவள்தான் காரணம் என்று ஜாடைமாடையாகப் பேச்சு வேறு.

இந்த வருடம் சாப்பாட்டு மேசையில் அவள் பட்டென்று போட்டு உடைத்தாள்.

"பஞ்ச் நான்தான் கலக்கப் போறேன்."

அண்ணன் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே போட்டான். "எதுக்கும்மா வேண்டாத வேலை? அதுவும் நம்ம வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாதா?"

தெரியாமலா? சித்தப்பா ஒருமுறை சர்க்கரைக்குப் பதில் உப்பைக் கொட்டிக் கலக்கியதிலிருந்து, கலக்கியவர் எவரோ அவரே முதல் கிளாஸை எல்லோர் முன்னாலும் குடித்துக் காட்ட வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம்.

"தெரியும். அதையும் நானே பாத்துக்கறேன்."

"அவ ஆசைப்பட்டா கலக்கட்டுமே" என்றாள் அண்ணி. இவ்வளவு சுலபமாக அண்ணி தலையாட்டியபோதே சாவிக்காரிக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். சந்தோஷத்தில் தட்டவில்லை.

ஞாயிறு காலையில் பீச் பழத்தையும் பச்சை ஆப்பிளையும் தோலோடு வில்லை வில்லையாக நறுக்கினாள். ஆரஞ்சுச் சாறும் எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் சேர்த்து ஊற வைத்தாள். திராட்சையை முந்தின நாளே உறைய வைத்திருந்தாள். ஐஸ் போட்டால் கரைந்து பஞ்சைத் தண்ணீராக்கிவிடும், உறைந்த திராட்சை அந்தத் துரோகத்தைச் செய்யாது. அண்ணி அலமாரியைத் திறந்து மூன்று பாட்டில் ஒயினை எடுத்துக் கொடுத்துவிட்டு, நாற்காலி போடுகிற சாக்கில் தோட்டத்துக்கு நழுவினாள்.

சாவிக்காரி முதல் பாட்டிலின் திருகுமூடியைத் திருகினாள். புது மூடி கடக்கென்று ஒடிய வேண்டும். இது வழவழவென்று சுற்றிக்கொண்டு வந்தது. நாள் முழுக்க உலோகம் பேசுவதைக் கேட்கிற காது அது, ஏமாறுமா? இரண்டாவதும் அப்படியே, மூன்றாவதும் அப்படியே. மோந்து பார்த்தாள். ஆப்பிள் ஜூஸ். நிறம் காட்டிக்கொடுக்காமல் இருக்கத் தண்ணீர் வேறு கலந்திருந்தது.

அவளுக்கு அழுகை வந்தது. சமையலறையில் யாரும் இல்லாததால் கொஞ்சம் அழுதாள். பிறகு ஆத்திரம் வந்தது. அது அழுகையைவிட நல்ல துணை. முகத்தைக் கழுவிக்கொண்டு, கை வீசி நடந்து, இத்தனை வருடமாக எதிர்ப்பக்கமாகவே கடந்து போன ஒயின் கடைக்குள் நுழைந்தாள்.

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "அடேயப்பா, ரொம்ப நாளா ஆளையே காணோம்!"

"அது உங்களுக்கு நஷ்டம், எனக்கு லாபம். இனிப்பு கம்மியான வெள்ளை ஒயின் மூணு குடுங்க. பை வேண்டாம்."

பாட்டில்களைக் குழந்தைபோல அணைத்துக்கொண்டு, தெரு நடுவே, எல்லோரும் பார்க்கத்தான் வந்தாள். பக்கத்து வீட்டுத் தையற்காரம்மா பார்த்தாள். அடுத்த நிமிடமே தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது. அண்ணன் ஓடி வந்து வழி மறித்தான்.

"கடைக்கு எதுக்குப் போனே?"

"அண்ணி குடுத்தது பத்தாது" என்றாள். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்னால் நின்ற அண்ணியின் முகம் வெளிறிவிட்டது.

தோட்டத்து மேசையில், அத்தனை கண்களுக்கும் நடுவே கலக்கினாள். மூன்று மூடியும் கடக், கடக், கடக் என்று ஒடிந்தன. ஊறிய பழத்தின்மேல் குளிர்ந்த ஒயின், உறைந்த திராட்சை, கிள்ளிப் போட்ட புதினா. சோடா கடைசியில், முன்னாலேயே ஊற்றினால் நுரை செத்துவிடும். கலகலவென்று இருந்த கூட்டம் மேசையை நெருங்கி வந்தது.

"முதல் கிளாஸை நான் குடிக்கிறேன்" என்று அண்ணன் கை நீட்டினான்.

"வழக்கம்னா வழக்கம்தான். தள்ளு."

மேசைக்கு அடியில் வைத்திருந்த, அண்ணி கொடுத்த அலமாரிப் பாட்டில் ஒன்றை எடுத்தாள். தன் கிளாஸில் இரண்டு துண்டு பழம் போட்டு, அந்தப் பாட்டிலிலிருந்து விளிம்புவரை ஊற்றினாள். எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு மடக்மடக்கென்று குடித்தாள்.

"ஐயோ, பாவி!" என்றான் அண்ணன். தையற்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். யாரோ ஒருவர், "பழைய குருடி கதவைத் திறடி" என்று முணுமுணுத்தார். சாவிக்காரி காலிக் கிளாஸைப் பிடித்தபடி அண்ணியை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பாட்டிலில் என்ன இருந்தது என்பது அங்கே இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி சொல்லப் போவதில்லை.

கடைசியில் அண்ணி வெடித்தே விட்டாள்.

"அது ஆப்பிள் ஜூஸ்! நான்தான் மாத்தி வெச்சேன்! அவ குடிக்கல, யாரும் அவளை ஒண்ணும் சொல்லாதீங்க!"

முணுமுணுத்தவர் தன் செருப்பைப் பார்க்கத் தொடங்கினார்.

"தெரியும் அண்ணி" என்றாள் சாவிக்காரி. "மூடியே சொல்லிடுச்சு."

"உன்னை மறுபடியும் தரையிலிருந்து தூக்கணுமேன்னு பயம்டி. அன்னிக்கு நீ செத்துட்டேன்னே நெனச்சேன்." அண்ணி அழுதுகொண்டே சொன்னாள்.

"பயப்படுங்க, வேண்டாங்கல. என் மூஞ்சிக்கு நேரா பயப்படுங்க. முதுகுக்குப் பின்னால வேண்டாம்."

அண்ணி சங்கிலியிலிருந்து அலமாரிச் சாவியைக் கழற்றி நீட்டினாள். "இந்தா, இனிமே இது உங்கிட்டயே இருக்கட்டும்."

சாவிக்காரி வாங்கவில்லை. கரண்டியால் பஞ்சை மொண்டு, ஒரு கிளாஸை நிரப்பி, சாவி நீட்டிய அந்தக் கையிலேயே திணித்தாள்.

"எனக்கு எதுக்கு அண்ணி சாவி? அந்தப் பூட்டைத் திறக்க ஒரு கொண்டை ஊசி போதும். இத்தனை வருஷமா நான் திறக்கல. அவ்வளவுதான்."

அண்ணி சாவியை மேசைமேல் வைத்தாள்.

"குடிச்சுப் பாருங்க. என்னால ருசி பாக்க முடியாது, நீங்கதான் சொல்லணும்."

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு வாய் குடித்தாள். "புளிப்பு பத்தல" என்றாள்.

சாவிக்காரி இன்னொரு எலுமிச்சையை எடுத்து வெட்டினாள்.