வெயில் படாத ஓடை

கிள்ளானுக்கு வெளியே இருந்த தோட்டத்தை விட்டு ரயில் பாதையோரமாக நடந்துகொண்டிருந்தேன். வாயில் காய்ச்சலுக்குக் குடித்த கொய்னா மருந்தின் கசப்பு இன்னும் போகவில்லை. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. பக்கத்து அறையில் குடியிருந்த புருஷனும் பெண்சாதியும் அடுத்தடுத்துக் காய்ச்சலில் போய்விட்டார்கள்.

நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஓர் ஓடை. செடிகொடி மூடியிருந்தவரை எங்களுக்குக் காய்ச்சல் அதிகம் இல்லை. இடம் வெளிச்சமாக இருந்தால் நோய் வராது என்று தோட்டத்து வெள்ளைக்காரத் துரை உத்தரவு போட்டார். கங்காணி எங்களை விட்டே கரையிலிருந்த செடிகொடி முழுவதையும் வெட்டவைத்தார். தண்ணீரில் வெயில் விழுந்ததும், கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று நாங்களும் சந்தோஷப்பட்டோம். வெயில் பட்ட தெளிந்த தண்ணீரில்தான் காய்ச்சல் கொசு பெருகும் என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் சொன்னபோது பாதி லயம் படுத்துவிட்டிருந்தது.

பொழுது சாயும் நேரம், ரயில்வேக்காரர்கள் குடியிருக்கும் பிரிக்பீல்ட்ஸ் வந்து சேர்ந்தேன். தோட்டத்தில் என்னோடு இருந்து ரயில்வே வேலைக்குப் போனவர் ஒருவர், தன் குடிசையில் தங்கிக்கொள்ளச் சொன்னார். கால் கழுவப் பின்பக்கம் போனவன் அப்படியே நின்றேன். அங்கேயும் ஓர் ஓடை. காட்டுச் சேம்பு கவிந்த இருண்ட தண்ணீர், அடியில் சின்ன மீன்கள். கரையில் புதிதாகத் தீட்டிய பாராங் கத்தி. குடிசைக்குள் தூளியில் கைக்குழந்தை.

"கத்தி எதுக்கு அண்ணே?"

"நாளைக்கு லீவு. எல்லாத்தையும் வெட்டி வெளிச்சமாக்கப் போறேன்."

 தோட்டத்தில் நடந்ததைச் சொன்னேன்.

அவர் மனைவி அடுப்படியிலிருந்தே கேட்டார்: "கொசுவுக்குப் பயந்தா பாம்புக்கு யாரு பயப்படுறது தம்பி? நேத்து குடத்துக்குப் பக்கத்துல கெடந்துச்சு. நீயா தண்ணி எடுக்கப் போற?"

"கம்பு தட்டிக்கிட்டு நான் முன்னால போறேன் அக்கா."

"பாம்பு ஓடுமா, நீ ஓடுவியா?" என்று அண்ணன் சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. தூளியைப் பார்த்தார். வெளியே போய்க் கத்தியை எடுத்துவந்து கூரையில் செருகினார். "ஒரு நாள் நீ வரலேன்னாலும் நானே வெட்டிடுவேன்" என்றார்.

எனக்குப் பாம்பென்றால் சிறு வயதிலிருந்தே நடுக்கம். அதைச் சொல்லவில்லை.

மறுநாள் விடிந்ததும் மூங்கில் கம்போடு, குடம் எடுத்துவந்த அக்காவுக்கு முன்னால் நடந்தேன். இனி தினமும் இதுதான் என் வேலை: ஓடையை அடைத்த சருகை அள்ள வேண்டும், நிழல் குறையாமல் பார்க்க வேண்டும், பாம்பை விரட்ட வேண்டும். கூலி இரண்டு வேளைச் சோறு. தரையைத் தட்டிவிட்டு, முதல் சேம்பிலையை விலக்கினேன்.