சட்னி வாளிக்குள் அடித்த போன்

செல்லத்துரை போய்விட்டார் என்ற செய்தி எனக்கு நாற்பது நிமிஷம் தாமதமாகத்தான் வந்தது. செம்பூரில் சரக்கு இறக்கிவிட்டு வேனில் மாட்டுங்காவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் ஒரு எவர்சில்வர் தூக்குவாளி. அதற்குள், மூடி போட்டபடி, என் போன். உங்களுக்கெல்லாம் போன் அடித்தால் பாட்டுக் கேட்கும். எனக்குக் கோயில் மணி கேட்கும். அன்று பதினோரு முறை அடித்தது. பக்கத்தில் நின்ற பஸ்ஸில் இருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள் என்றால் நம்புங்கள். நான் எடுக்கவில்லை. கிங்ஸ் சர்க்கிளில் என் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்கி, மூடியைத் திறந்த பிறகுதான் எடுத்தேன்.

லலிதா மாமி. கடைக்கு எதிர் கட்டடம், மூன்றாவது மாடி. "எத்தனை தடவை கூப்பிடறது அண்ணாச்சி? செல்லத்துரை போயிட்டாராம்."

"எந்த ரோட்டுல?"

"ரோட்டுல இல்லை, ஆத்துலதான். காப்பி டம்ளரைக் கீழ வெச்சாராம். அவ்வளவுதான்."

இருபத்தாறு வருஷம் இந்த ஊர்ச் சாலைகளில் சைக்கிள் மிதித்த மனிதர் வீட்டுக்குள், டம்ளர் உடையாமல், உட்கார்ந்தபடி உயிரை விட்டிருக்கிறார். இதற்குத் தனியாக ஒரு விருது கொடுக்கலாம். நான் வாசலிலேயே நின்றேன். அன்று முழுக்க உட்காரவில்லை. நம் சங்கப் பத்திரிகைக்கு இதை எழுத உட்கார்ந்து இதுவரை நாலு தடவை எழுந்து போய்விட்டேன். நான் ஏன் அந்தப் போனை எடுக்கவில்லை என்பதை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்ல ஒன்பது வருஷமாக எனக்கு வாய் வரவில்லை.

அவரை உங்களுக்குத் தெரியும். தாராவியிலிருந்து விடியும்போது கிளம்பும் சைக்கிள். பின்னால் அலுமினிய அண்டா நிறைய இட்லி. ஹேண்டிலில் சாம்பாரும் சட்னியும். ஒரு ரப்பர் ஹார்ன். அவர் விற்ற இட்லிகளை வரிசையாக அடுக்கினால் நிலா வரை போய், அங்கே சட்னி தீர்ந்துபோய், திரும்பி வந்துவிடலாம். அந்த ஹார்னை அவர் வழி கேட்டு அடித்ததே இல்லை. ஒரு தடவை கேட்டேன். "அண்ணாச்சி, இது இட்லிக்கு அடிக்கிறது. ஆளை வெரட்டுறதுக்கு இல்ல" என்றார். முன்னால் யாராவது நடந்து போனால் பின்னாலேயே, பெண் அழைப்பு ஊர்வலம் மாதிரி, பொறுமையாக உருட்டிக்கொண்டு வருவார்.

ஒன்பது வருஷத்துக்கு முன் என் கடை வாசலில் நடந்த விபத்தின் கதையை உங்களில் பாதிப் பேர் என் வாயால் கேட்டிருப்பீர்கள். ஒவ்வொரு முறையும் உருண்ட இட்லிகளின் எண்ணிக்கை கூடியிருக்கும். இப்போது கூட்டாமல் சொல்கிறேன். நான் வேனைக் கடைப் பக்கம் திருப்பினேன். செல்லத்துரை எதிர்த் திசையில் வந்தார். டிவைடரைச் சுற்றினால் அரை கிலோமீட்டர், ராங் சைடில் வந்தால் இருபதடி. மாமி நடைபாதையிலிருந்து ரோட்டில் இறங்கினார். மாமி மேல் மோதாமல் இருக்க செல்லத்துரை ஹேண்டிலை ஒடித்தார். ஒடித்த இடத்தில் என் வேன் இருந்தது. அவருடைய வலது முழங்கை முறிந்தது.

கூட்டம் கூடிவிட்டது. இந்த ஊர்ச் சட்டம் எளிமையானது. லாரியும் வேனும் மோதினால் லாரிக்காரனுக்கு அடி. வேனும் சைக்கிளும் மோதினால் வேன்காரனுக்கு. சைக்கிளும் மாமியும் மோதினால் சைக்கிள்காரனுக்கு. மாமிகள் என்றைக்கும் நிரபராதிகள். "மாரோ சாலே கோ!" என்று, அடிக்கச் சொல்லிக் கத்தியபடி, ஒருவன் என் சட்டைக் காலரைப் பிடித்தான். சாம்பாருக்கு நடுவில் உட்கார்ந்திருந்த செல்லத்துரை, நல்ல கையை உயர்த்தினார். "ருக்கோ, ருக்கோ! பெஹலே மேரா கல்தி. மொதல்ல என் தப்பு, நான் ராங் சைடுல வந்தேன்."

கூட்டத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மாமி மெதுவாக, "நானும்தான். ரெண்டு பக்கமும் பார்க்காம இறங்கிட்டேன்" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் நெஞ்சில் கை வைத்து, ராஜா முடி துறப்பதுபோல் அறிவித்தேன்: "நடைபாதையை அடைச்சு அப்பளப் பெட்டியை அடுக்கினது என் தப்பு. அதனாலதான் மாமி ரோட்டுல இறங்கினாங்க." காலரை விட்டார்கள். ஒருவர் கை தட்டினார்.

நான் சொன்னது உண்மை. முழு உண்மை இல்லை. வண்டியைத் திருப்பியபோது என் காதில் போன் இருந்தது. மச்சினன் சோபா வாங்கப் போயிருந்தான், நிறம் கேட்டான். மோதிய அதிர்ச்சியில் போன் கீழே விழுந்தது. திறந்திருந்த வேன் கதவு வழியாக, "மாமா, பிரவுனா மெரூனா? சொல்லுங்க!" என்று அது கத்திக்கொண்டே இருந்தது. இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்த செல்லத்துரை அதைக் கேட்டார். என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் கூட்டத்தைப் பார்த்து அந்த நல்ல கையை உயர்த்தினார்.

முழங்கை எலும்பு கூடியது, ஆனால் கையை முழுசாக நீட்ட வரவில்லை. அதன் பிறகு ஹார்ன் அடித்தது இடது கைதான். ஆனால் அன்று காலை நடந்தது அந்த முனையில் ஒரு வழக்கத்தை உண்டாக்கிவிட்டது. யார் மோதிக்கொண்டாலும் அவர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நடுவில் நிற்பார். ஒரு நாள் ஒரு டாக்ஸிக்காரரும் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்த ஒரு ஆபீஸ்காரரும் சண்டை. செல்லத்துரை இரண்டு தட்டில் இட்லி வைத்துக் கையில் பிடித்துக்கொண்டார். "மொதல்ல அவங்கவங்க தப்பு. அடுத்தவன் தப்பை அவனே சொல்லுவான், அவசரப்படாதீங்க. இட்லி ஆறுது. யாரு மொதல்ல?" இட்லி ஆறுவதற்குள் இருவரும் சொன்னார்கள். அன்றைய கூட்டம் மாதிரி ஏமாந்த கூட்டத்தை மும்பை பார்த்திருக்காது.

ஒவ்வொரு முறையும் "யாரு மொதல்ல?" என்று அவர் கேட்கும்போது நான் கல்லாவுக்குப் பின்னால் குனிந்து எதையோ தேடுவேன். அங்கே தேட ஒன்றும் இருந்ததில்லை.

கட்டுப் பிரித்துச் சில மாதம் இருக்கும். நான் வேனில் ஏறி, ஒரு கையில் போனோடு சாவியைத் திருப்பினேன். வியாபாரம் முடித்து வந்த செல்லத்துரை ஜன்னல் வழியாகப் போனை வாங்கினார். காலியாயிருந்த சட்னி வாளியைச் சைக்கிளிலிருந்து கழற்றி, அதற்குள் போட்டு, மூடினார். "இதுக்குள்ள கெடக்கட்டும் அண்ணாச்சி. எறங்கினப் பொறவு எடுத்துக்கிடலாம்."

"சட்னி மணக்குமே வே!"

"மணக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மிதித்துப் போய்விட்டார். மறுநாளிலிருந்து சட்னி பிளாஸ்டிக் டப்பாவில் வந்தது. அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

துக்க வீட்டில் அவர் மனைவி பேச்சியம்மாள், வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்: "ராங் சைடுல போயி கையை ஒடிச்சுக்கிட்டு, ஒத்தக் கையால மாவு கலக்கியே ஓஞ்சிட்டாரு. சொன்னாக் கேட்டாத்தானே!" ஒன்பது வருஷமாகச் செல்லத்துரை அந்த ஏச்சை வாங்கியிருக்கிறார். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். மாலையை வைத்துவிட்டு, துரத்தப்பட்டவன்போல் வெளியே வந்தேன்.

அச்சில் பார்த்து அந்த அம்மா தெரிந்துகொள்ளக் கூடாது. ஆகவே நேற்று தாராவிக்குப் போனேன். பேச்சியம்மாள் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். "பேச்சி, அன்னிக்கு வண்டி ஓட்டும்போது நான் போன்ல பேசிக்கிட்டிருந்தேன்."

சுளகு நின்றது. "இப்பவா அண்ணாச்சி சொல்லுதீங்க?"

"இப்பத்தான்."

"அவரு ராங் சைடுல வந்தாரா, இல்லையா?"

"வந்தாரு."

"அப்ப அதையும் எழுதுங்க. ஒங்க தப்பை எழுதுறதுக்காக அவரு தப்பை அழிச்சிராதீங்க."

வாளி விஷயத்தைச் சொன்னேன். அப்போதுதான் அந்த அம்மாவின் முகம் மாறியது. "அந்தச் சட்னி வாளியா? எங்கயோ தொலைச்சிட்டேன்னுல்லா சொன்னாரு! ஒரு வாரம் ஏசினேனே அண்ணாச்சி…" முந்தானையால் கண்ணைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே, "கழுவியாச்சும் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

தன் தப்பை ஊருக்கெல்லாம் முதல் ஆளாகச் சொன்ன மனிதர், என் தப்பை மறைக்க மட்டும் வீட்டில் ஒரு பொய் சொல்லியிருக்கிறார். இதை எவ்வளவு பெரிதாக்கிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. என் வாழ்க்கையில் இப்படி ஆனது இதுவே முதல் தடவை.

இன்று காலை அந்த முனையில் ஒரு ஸ்கூட்டரும் ஒரு கைவண்டியும் மோதிக்கொண்டன. அரை மணி நேரம் கத்தினார்கள். யாரும் முதலில் சொல்லவில்லை. நான் கடை வாசலுக்கும் கல்லாவுக்கும் நடந்துகொண்டிருந்தேன். நாளைக்கு யாராவது மோதிக்கொண்டால் இறங்கிப் போய் நடுவில் நிற்பேன் என்று நினைக்கிறேன். அப்பளப் பெட்டிகள் இப்போது கடைக்கு உள்ளே இருக்கின்றன. அவையும் என் தொந்தியும் ஒரே நேரத்தில் உள்ளே நிற்க முடியாததால், எப்படியும் நான் வெளியேதான்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த வாளி. பேச்சியம்மாள் திரும்பக் கேட்கவில்லை. கழுவிவிட்டேன், இன்னும் லேசாகப் பொட்டுக்கடலை வாசம். என்னைக் கூப்பிடும் எல்லாருக்கும் ஒரு வார்த்தை: பதினோரு முறை அடித்தாலும் சரி, சாவுச் செய்தியானாலும் சரி, கொஞ்சம் பொறுங்கள். இறங்கினப் பொறவு எடுக்கிறேன்.