தவிட்டுக்கு விற்ற பிள்ளை

ரஞ்சிதாவை அழுமூஞ்சி என்று யாரும் சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள். பிரம்படிக்குக் கையை நீட்டிவிட்டு வாத்தியாரை முறைத்துக்கொண்டு நிற்பாள். அப்படிப்பட்டவள் போன ஐப்பசியில் புதுக்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில், ஐ.சி.யு. வாசலில், வருகிற போகிற நர்ஸ்களின் கையையெல்லாம் பிடித்துக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். உள்ளே அவளுடைய ஒரே மகள் அருணா. பத்தொன்பது வயது. டெங்கு முற்றி, நுரையீரலில் நீர் கோத்து, நான்கு நாளாக மிஷின்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு நாள் பார்க்கணும் என்றார் டாக்டர். எதைப் பார்ப்பது என்று அவர் சொல்லவில்லை.

எங்கள் ஊர் கந்தர்வக்கோட்டைக்குப் பக்கம், முந்திரிக் காட்டை ஒட்டியது. அருணாவுக்கு முன்னால் ரஞ்சிதாவுக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகளும் ஒரு வயதைக்கூடத் தாண்டவில்லை. "ஒன் வயித்து ராசி அப்படி" என்று மாமியார் முகத்துக்கு நேராகவே சொன்னாள். அதனால் அருணா பிறந்த அன்றைக்கே பக்கத்து வீட்டு முனியாயியிடம் ஒரு முறம் தவிட்டுக்கு அவளை விற்றார்கள். முனியாயி ஆறு பெற்று ஆறையும் ஆளாக்கியவள். பிள்ளை அவளுடையது என்றாகிவிட்டால் பெற்றவளின் ராசி அதை அண்டாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பேருக்குத்தான் விற்பது. வளர்த்ததெல்லாம் ரஞ்சிதாதான்.

அருணாவுக்குப் பன்னிரண்டு வயதானபோது ரஞ்சிதா இஸ்ரேலுக்கு வேலைக்குப் போனாள். ஹைஃபா என்ற ஊரில், படுக்கையில் கிடந்த ஒரு யூத மூதாட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மூதாட்டியின் மகள் ரிவ்கா ஐம்பதை நெருங்கியவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள், கபாலா என்கிற யூத மறைஞானத்தைக் கல்லூரியில் பாடமாக நடத்துகிறவள். சமையலறையில் வெங்காயம் உரிக்கும்போதெல்லாம் இவர்கள் இரண்டு பேருக்கும் சாமியைப் பற்றித்தான் சண்டை.

எங்கும் கடவுளே நிறைந்திருந்தால் உலகத்துக்கு இடம் ஏது, அதனால் அவர் தன்னைச் சுருக்கிக்கொண்டு விலகினார், அவர் விட்டுக்கொடுத்த இடத்தில்தான் நாம் இருக்கிறோம் என்று ஞானிகள் எழுதி வைத்திருப்பதாக ரிவ்கா ஒருநாள் சொன்னாளாம்.

"வெலகிப் போற சாமிய வச்சுக்கிட்டு நாங்க என்ன செய்றது? எங்க முனி எல்லைய விட்டு ஒரு அடி நகராது" என்று இவள் சொல்லியிருக்கிறாள். ரிவ்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாளாம். ரஞ்சிதாவுக்கு எபிரேயம் பேச வந்ததே இந்தச் சண்டைகளால்தான். ஆறு வருடம் கழித்து மூதாட்டி காலமானதும் ஊருக்கு வந்துவிட்டாள். ரிவ்காவின் போன் மட்டும் வாரம் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

அந்த வருடம் பங்குனியில் முனியாயி செத்துப்போனாள். ஐப்பசியில் அருணாவுக்குக் காய்ச்சல் வந்தது. ரஞ்சிதா இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டாள்.

"வாங்குனவ போயிட்டா, சொர்ணம். புள்ள திரும்ப எங்கிட்ட வந்திருச்சு. அதான்டி இப்படிக் கெடக்கா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கொசு கடிச்சதுக்கு ஒன் வயிறு என்னடி பண்ணும்?" என்றேன்.

அவள் காதில் வாங்கவே இல்லை. வேறு ஆளுக்கு விற்க வேண்டும் என்று நின்றாள். அவள் புருசன் ராசு, டாக்டரை நம்பு என்று சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் போய்விட்டான். நாத்தனார் அழகிக்கு நான்கு பிள்ளைகள், நான்கும் நன்றாக இருக்கின்றன. அவள் காலில் விழாத குறையாக ரஞ்சிதா கேட்டாள். "ஒன்னு கெடக்க ஒன்னு ஆச்சுன்னா எம்புள்ளைக மேல திரும்பும் மதினி. மன்னிச்சுக்கங்க" என்று அழகி பஸ் ஏறிவிட்டாள். என்னிடம் ரஞ்சிதா கேட்கவில்லை. நானும் ஒன்றைப் பறிகொடுத்தவள்.

டூவீலர் நிறுத்தும் இடத்து வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து, உச்சி வெயிலில், ரிவ்காவைப் போனில் கூப்பிட்டாள். பேசியது எபிரேயத்தில். என்ன பேசினார்கள் என்பது அவள் பிற்பாடு எனக்குச் சொன்னது.

தவிட்டுக்கு விற்ற கதையை ரிவ்கா முழுவதும் கேட்டுக்கொண்டாளாம். அப்புறம், எங்கள் முன்னோர்களும் நோயில் கிடக்கும் பிள்ளையைப் பிறருக்கு விற்றதுண்டு, பழைய புத்தகங்களில் இருக்கிறது, நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேனே தவிர செய்ததில்லை என்றாளாம்.

"அப்ப ஒங்க சாமியயும் ஏமாத்தலாமா?"

ஏமாற மாட்டார் என்றிருக்கிறாள் ரிவ்கா. இரங்க வேண்டும் என்று அவருக்கும் இருக்கிறது, எழுதிய தீர்ப்பு குறுக்கே நிற்கிறது, தீர்ப்பில் சொன்ன பிள்ளை இது இல்லை என்று நாம் அவருக்கு ஒரு சாக்கு எடுத்துக் கொடுக்கிறோம், அவ்வளவுதான் என்றாளாம். ஒரு பிள்ளை மூச்சுக்கு அல்லாடுகிற நேரத்தில் சாமிக்குச் சாக்குத் தேட வேண்டியிருக்கிறதே என்று அதைக் கேட்டபோது எனக்கு அவர்கள் சாமி மீதும் கோபம், எங்கள் சாமி மீதும் கோபம்.

"நீங்க வாங்கிக்கங்க" என்று ரஞ்சிதா கேட்டுவிட்டாள்.

நான் பிள்ளையே பெறாதவள், எனக்கென்ன ராசி இருக்கிறது என்று ரிவ்கா தயங்கியிருக்கிறாள்.

"நீங்க பெத்ததுமில்ல, பறிகொடுத்ததுமில்ல. அது போதும் எனக்கு."

ரிவ்கா அழுதுவிட்டாள். அந்த அழுகை எனக்கே கேட்டது. அழுது முடித்துவிட்டு அவள் சொன்னது இது: நோயாளிக்காக வேண்டும்போது நாங்கள் தாயின் பெயரைச் சொல்லித்தான் வேண்டுவோம். இனி ரிவ்காவின் மகள் என்றுதான் சொல்வேன், உன் பெயர் என் வாயில் வராது. உன்னால் தாங்க முடியுமா?

"முனியாயிக்கு அரகொறையா வித்தேன். வித்துட்டு ஊரெல்லாம் எம்மக எம்மகன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். இப்ப முழுசா வெலகிக்கிறேன். ஆறு வருசம் போன்லதான அம்மாவா இருந்தேன். பழகிக்கிறேன்."

மாட்டுத் தீவனக் கடைக்கு ஓடிப்போய்த் தவிடு வாங்கி வந்தது நான்தான். திட்டிக்கொண்டேதான் போனேன், ஆனாலும் போனேன். போனை ஸ்பீக்கரில் போட்டு வேப்ப மரத்து வேரில் வைத்தாள். அங்கே ரிவ்கா தன் மொழியில் எதையோ வாசித்தாள். ரிவ்காவுக்குப் பதிலாக நான் ரஞ்சிதாவின் மடியில் தவிட்டைக் கொட்டி, பெரியவர்கள் கேட்பதுபோல் மூன்று தடவை கேட்டேன்.

"யாரு புள்ள?"

"ரிவ்கா புள்ள" என்றாள். இரண்டாம் தடவையும் சொன்னாள். மூன்றாம் தடவை குரல் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. வண்டி எடுக்க வந்தவர்கள் எங்களைப் பைத்தியங்கள் என்று நினைத்திருப்பார்கள்.

ஆறாம் நாள் காலையில் குழாயை எடுத்துவிட்டார்கள். ஆபத்து தாண்டிவிட்டது என்றார் டாக்டர். டாக்டரின் மருந்தா, தவிடா, ரிவ்காவின் வேண்டுதலா, எனக்குத் தெரியாது. பதினொரு மணிக்குப் பச்சை அங்கி மாட்டி எங்கள் இரண்டு பேரையும் உள்ளே விட்டார்கள்.

அருணா கண்ணைத் திறந்திருந்தாள். உதடெல்லாம் வெடித்துத் தோல் உரிந்திருந்தது. கட்டிலுக்கு இரண்டடி தள்ளியே ரஞ்சிதா நின்றுவிட்டாள்.

"அம்மா" என்றாள் அருணா. குழாய் ஏறி இறங்கிய தொண்டை, குரல் காற்றாகத்தான் வந்தது.

ரஞ்சிதா வாயை இறுக மூடிக்கொண்டாள். நான் அவள் முதுகில் கை வைத்துத் தள்ளினேன். நகரவில்லை.

"அம்மா."

"ஒங்களத்தான் கூப்புடுது. பக்கத்துல வாங்கம்மா" என்றாள் நர்ஸ்.

"அவங்கம்மா வெளியூர்ல இருக்காங்க சிஸ்டர். நான் பாத்துக்கிட வந்த ஆளு."

நர்ஸ் என்னைப் பார்த்தாள். அருணாவும் என்னைத்தான் பார்த்தாள். ரஞ்சிதா பஞ்சைத் தண்ணீரில் நனைத்து, மகளின் கண்ணைப் பார்க்காமல், அந்த உதட்டை ஒற்றி ஒற்றித் துடைத்தாள்.

மூன்றாவது தடவை அருணா கூப்பிடவில்லை.