தறி நின்ற மதியம்

போன வாரம் அக்கா மகளின் மீன் தொட்டியைக் கழுவினேன். கண்ணாடியில் பசை போல நத்தை முட்டைகள் ஒட்டியிருந்தன. அந்தப் பாசி வாடை மூக்கில் ஏறியதுமே அருப்புக்கோட்டைக்குப் போய்விட்டேன்.

அங்கே ஒரு கல்லூரியில் நானும் செல்வியும் விலங்கியல் நடத்தினோம். பாலவனத்தத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். எங்களுக்கு ஒரே பைத்தியம்: முட்டை உயிராவதை முதலிலிருந்து பார்க்க வேண்டும். கல்லூரியின் பழைய நுண்ணோக்கிகள் இரண்டைக் கேட்டு வாங்கி, மேலே செல்போன்களை ரப்பர் பேண்டால் கட்டி, நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கவைத்தோம். சேர்த்து ஓட்டினால் அரைப் பொழுது கண்முன்னே சட்டென ஓடிவிடும். ஒன்றில் பரளச்சி ஊருணியின் நத்தை முட்டை, மற்றதில் அதன் கரை மண்ணில் கிடைத்த, கண்ணுக்கே தெரியாத புழுவின் முட்டை.

எல்லாம் என் வாடகை அறையில்தான். சுவருக்கு அந்தப்பக்கம் விசைத்தறிக் கூடம். மேசை அதிர அதிர, படமெல்லாம் கலங்கிப்போனது.

செல்வி என்னையும் இழுத்துக்கொண்டு நேரே தறி முதலாளியிடம் போனாள்.

"அண்ணாச்சி, ஒரு மதியம் தறிய நிப்பாட்டுவீகளா?"

"எதுக்குத்தா?"

"நத்த முட்ட ரெண்டாப் பிரியுறதப் பாக்கணும்."

எனக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"நாளைக்கு லோடு ஏத்தணுமே... சரி, நிப்பாட்டுறேன். எனக்கும் காட்டணும்."

தறிகள் நின்றன. தெருவில் காக்கை கத்துவது அன்றுதான் எனக்குக் கேட்டது.

பொழுது சாய, அண்ணாச்சி மனைவியோடு வந்தார். தறிக்காரர்கள் வாசலில் நெருக்கியடித்து நின்றார்கள். மடிக்கணினியில் ஓட்டினோம். புழுவின் முட்டை பெரிதொன்று, சிறிதொன்றாகப் பிளந்தது. நத்தையுடையதோ சரிபாதியாக இரண்டு, நான்கு. பிறகு அந்த நான்கின் மேலும் ஒவ்வொன்றாக முளைத்த நான்கு குட்டி உயிரணுக்கள் மெல்லத் திருகி, கீழிருந்தவற்றின் இடுக்குகளில் போய் உட்கார்ந்தன. இத்தனை முறை படித்தும் பாடம் நடத்தியும், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"ஆரும் தொடலையே, தானாத் திரும்புதே!" என்றார் அண்ணாச்சி.

"நம்மளும் இப்பிடித்தான் இருந்தோமா?" அவர் மனைவி குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பிரியுற விதந்தான் வேற, அக்கா. நம்மளும் ஒத்தப் புள்ளிதான்," என்றாள் செல்வி.

அந்த அக்கா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். லோடு ஒருநாள் தள்ளிப்போனது. திட்டிய வியாபாரியிடம், மோட்டார் கோளாறு என்று அண்ணாச்சி கூசாமல் சொன்னார்.

இன்று அண்ணாச்சி இல்லை. அந்தக் கூடம் இருந்த இடத்தில் வரிசையாகக் கடைகள். நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் அதிராத மேசை, தானே படமெடுக்கும் கேமரா. யாரிடமும் எதையும் நிறுத்தச் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை. யாரும் வந்து எட்டிப் பார்ப்பதும் இல்லை.