நாலாவது ஆள்

அவன் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறவன். என் பொறாமை அந்த நாற்காலியில்தான் ஆரம்பித்தது.

நான் பூந்தமல்லியில் ஒரு குடோனில் லோடுமேன். லாரியிலிருந்து அரிசி, சிமெண்ட் மூட்டை இறக்குவது வேலை. அவன் தென்காசிப் பக்கம். கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து கரையான்சாவடியில் பிளாட் எடுத்திருந்தான். இரண்டு பேரும் சாயங்காலம் ஒரே ஜிம்முக்குப் போனோம். என்னைவிட இரண்டு வயது பெரியவன். ஆனாலும் என்னை அண்ணே என்பான். நான் அவனை சார் என்பேன். மரியாதைக்கு இல்லை.

ஜிம் மாஸ்டர் பட்டாளத்தில் இருந்தவர். தடை ஓட்டப் போட்டிக்கு ஆள் தயார் செய்தார். ஓட வேண்டும். நடுவில் சுவர் வரும், ஏற வேண்டும். மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். கம்பியில் தொங்கி அந்தப் பக்கம் போக வேண்டும். திரும்ப ஓட வேண்டும். அணிக்கு நாலு பேர். மூன்று பேர் முடிவாகிவிட்டார்கள். நாலாவது ஆள் நானா அவனா என்பதுதான் பாக்கி. இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் இரண்டு பேரையும் ஒன்றாக ஓடவிட்டுப் பார்க்கிறேன் என்றார் மாஸ்டர்.

அந்த இடம் எனக்கு வேண்டும். பதினெட்டு வருடமாகத் தூக்குகிறேன். தூக்கியதற்கு யாரும் கை தட்டியதில்லை.

அவனுக்கு ஓட்டம் வரும். காலையில் மெட்ரோ தூண்கள் ஓரமாக ஓடுவான். ஒரு தூண் வரைக்கும் வேகம், அடுத்த தூண் வரைக்கும் மெது. அப்படியே இருபது தூண். நானும் பின்னால் ஓடிப் பார்த்தேன். ஆறாவது தூணில் அவன் முதுகு சின்னதாகிவிட்டது.

பலமாவது என்னுடையது என்று இருந்தேன். ஒரு மாதத்தில் அவன் ஐம்பது கிலோ மூட்டையைத் தரையிலிருந்து எடுத்தான். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

"இன்னாய்யா, துன்ன மாட்டியா?" என்றாள் மனைவி.

"பசி இல்ல."

"அந்த ஐடிக்காரன் இன்னிக்கு இன்னா தூக்குனான்?"

சொன்னேன்.

"அவன் தூக்குனா உனக்கு ஏன்யா வயிறு எரியுது? உன் மூட்டையையா தூக்கினு பூட்டான்?"

என் மூட்டையைத்தான் என்று பட்டது.

அவன் போனில் ஒரு சார்ட் வைத்திருந்தான். திங்கள் வேக ஓட்டம். செவ்வாய் வெயிட். புதன் மெதுவாக நீண்ட ஓட்டம். வியாழன் கம்பி, கயிறு. வெள்ளி ஓய்வு. சனி ஓட்டமும் வெயிட்டும் மாற்றி மாற்றி. ஞாயிறு திரும்பவும் ஓய்வு. கால் களைத்திருக்கிற நாளில் வேகமாக ஓடக் கூடாதாம். கேட்டதும் காட்டிவிட்டான். மறைக்கவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. சிமெண்ட் பைக் காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

மாஸ்டர் அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டார்.

"இது எதுக்குடா உனக்கு? நீதான் டெய்லி இருநூறு மூட்ட எறக்குற. உனக்கு வெயிட்டே வேணாம். ஓடு. ஓடிட்டுத் தூங்கு."

"அவரு மட்டும் தூக்கலாமா?"

"அவன் நாள் பூரா குந்தினு கீறான்டா. அவனுக்கு வேணும்."

அவனை ஏற்றிவிட்டு என்னைத் தட்டி வைக்கிறார் என்று நினைத்தேன். மாஸ்டர் வராத காலை நேரமாகப் பார்த்துப் போய் வெயிட் போட்டேன். அவன் போடுவதைவிடப் பத்து கிலோ கூட. சார்ட்டில் ஒன்றையும் விடவில்லை. ஓய்வை மட்டும் விட்டேன். வெள்ளிக்கிழமை ஓய்வு என்றால் அவன் நாற்காலியில் இருப்பான். எனக்கு வெள்ளிக்கிழமைதான் நெல்லூர் அரிசி லாரி வரும்.

ஓட வேண்டிய நாளுக்கு ஒரு வாரம் முன்னால் என்னிடம் வந்தான்.

"அண்ணே, மூட்டைய வச்சு நடந்தா சரிஞ்சுக்கிட்டே போவுது. நீங்க எப்படித் தூக்குதிய?"

"தூக்கணும். நடக்கணும். அவ்ளோதான் சார்."

"ஏதோ சூட்சுமம் இருக்குல்லா?"

"ஒண்ணும் இல்ல."

இருந்தது. மூட்டை தோளில் உட்காரக் கூடாது. பிடரிக்குக் கீழே, முதுகில் உட்கார வேண்டும். அங்கே துண்டை மடித்துப் போட வேண்டும். இடுப்பு கொஞ்சம் குனிய வேண்டும். ஒரு கை மூட்டையின் மூலைக் காதைப் பிடித்தால் போதும். மறு கை சும்மா இருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எனக்கு இதைக் காட்டினார்கள். நான் அவனுக்குக் காட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாஸ்டர் விதி சொன்னார். மூட்டை கீழே விழுந்தால் தொடங்கின இடத்துக்குப் போய்த் திரும்பத் தூக்கி வர வேண்டும். யார் மூட்டையில் அடுத்தவன் கை பட்டாலும் அதுவும் விழுந்த கணக்குதான்.

முதல் ஓட்டத்தில் அவன் முன்னால் போய்விட்டான். சுவரில் கொஞ்சம் நெருங்கினேன். மூட்டை இருந்த இடத்துக்கு நான் வந்தபோது அவன் பாதி தூரம் நடந்திருந்தான். தோளில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு போனான். நான் முதுகில் போட்டேன். எனக்கு அது போட்டி இல்லை, வேலை. சீக்கிரமே அவன் பக்கத்தில் வந்துவிட்டேன்.

கரையில் சரிவான இடம். அவன் மூட்டை சரிந்தது. விழுந்தால் இடம் எனக்கு.

என் கை அங்கே போய்விட்டது.

குடோனில் மூட்டை அடுக்கில் சாத்திய பலகையில் ஏறும்போது பக்கத்து ஆள் மூட்டை சரிந்தால் கை கொடுக்க வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாதவன் மூட்டை என்றாலும் கொடுக்க வேண்டும். விழுந்தால் கால் போகும். யோசிக்க நேரம் கிடையாது. சும்மா இருந்த கை அடியில் போய் முட்டுக் கொடுத்தது. மூட்டை மேலே ஏறி உட்கார்ந்தது. அப்புறம்தான் அது யார் மூட்டை என்று எனக்கு உறைத்தது.

மூட்டையை நான்தான் முதலில் இறக்கினேன். கம்பியிலும் முன்னால் போனேன். கடைசியாக ஒரு கிலோமீட்டர் ஓட்டம். கால் வரவில்லை. தொடை இரண்டும் மழையில் நனைந்த மூட்டை மாதிரி இருந்தன. அவன் முந்திப் போனான். ஒரு தூண் தூரம் முன்னால் முடித்தான்.

மாஸ்டர் முடிகிற இடத்தில் நின்றிருந்தார். சரிவில் நடந்தது அவருக்குத் தெரியாது. அவனே மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சொன்னான்.

"மாஸ்டர், எம் மூட்டை விழப் போச்சு. அண்ணன்தான் தாங்குனாவ. இடம் அவுகளுக்குத்தான்."

நல்லவனாக வேறு இருந்தான். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"கை குடுத்தியாடா?" என்றார் மாஸ்டர்.

ஆமாம் என்றால் போதும். ஆனால் குடோனில் கை கொடுத்ததை யாரும் சொல்லிக் காட்டுவதில்லை. காட்டுகிறவனோடு மறுநாள் ஒருத்தனும் ஜோடி சேர மாட்டான்.

"தெரில மாஸ்டர். இடிச்சிருக்கும்."

"டேய்."

"ஓட்டத்துல தோத்தேன். அவரு போவட்டும்."

மாஸ்டர் என் காலைப் பார்த்தார்.

"திருட்டுத்தனமா வெயிட் போட்ட இல்ல?"

தலையாட்டினேன்.

"குடோன்ல தூக்குனது பத்தல நைனாவுக்கு" என்று சொல்லிவிட்டு நோட்டில் அவன் பெயரை எழுதினார்.

செவ்வாய்க்கிழமை ஜிம்முக்குப் போனேன். இனிமேல் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். அவன் மூட்டையைத் தோளில் வைத்து நடந்துகொண்டிருந்தான். சரிந்தது. ஏற்றினான். திரும்பச் சரிந்தது. போட்டியில் ஒருத்தன் கீழே போட்டால் நாலு பேருக்கும் போச்சு. அந்த நாலாவது இடம் நான் கேட்ட இடம். அதில் நின்று ஒருத்தன் மூட்டையைப் போடுவதை என்னால் பார்க்க முடியாது.

என் துண்டை மடித்து அவன் பிடரிக்குக் கீழே போட்டேன். மூட்டையைத் தூக்கி அதன் மேல் வைத்தேன்.

"காதப் புடி. ஒரு கை போதும்."

நடந்தான். மூட்டை ஆடவில்லை.

"சூட்சுமம் ஒண்ணும் இல்லன்னியளே அண்ணே" என்றான்.

வயிறு எரிந்தது.

"பேசாம நட சார். இன்னும் கொஞ்சம் குனி" என்றேன்.