கொள்முதல் நிலையத்துக்குப் போன என் டெஸ்க்டாப்

நெல்லு சுணை கழுத்துல ஒட்டினா எப்படி அரிக்கும்னு தெரிஞ்சவங்க கை தூக்குங்க...

குளிச்சாலும் போகாது. காலர்ல, காதுக்குப் பின்னாடி... விடாம பிராண்டும். அந்த அரிப்போட உக்காந்து நான் ஒரு கேம் பில்டு போட்டிருக்கேன். சிரிக்காதீங்க, நிஜமாத்தான்.

இன்னைக்கு ஆபீஸ்ல புதுசா சேர்ந்த பொண்ணு கேட்டா, "அக்கா, கேம் டெவலப்மென்ட்டுக்கு லேப்டாப் வாங்கவா, டெஸ்க்டாப் வாங்கவா?" அவ்ளோதான்... எனக்குப் பழசெல்லாம் கிளம்பிடுச்சு.

காலேஜ் முடிச்ச வருஷம் எனக்கும் இதே குழப்பம். ஃப்ரெண்டு பவித்ரா, "லேப்டாப் வாங்குடி, எங்க வேணா தூக்கிட்டுப் போலாம்"னு தலைபாடா அடிச்சுக்கிட்டா. நான் கேக்கல. அதே காசுக்கு டெஸ்க்டாப்னா நல்ல கிராஃபிக்ஸ் கார்டு கிடைக்கும்... "நான் எங்கடி தூக்கிட்டுப் போகப்போறேன், வீட்டுலதானே இருக்கேன்"னு பெரிய மேதாவி மாதிரி பேசினேன்.

தஞ்சாவூர்ல அசெம்பிள் பண்ணி, டவுன் பஸ்ல ஜன்னல் சீட்டுல சிபியுவ உக்கார வச்சு, நான் நின்னுக்கிட்டே வந்தேன். கண்டக்டர் ஒரு மாதிரி பாத்துட்டு அதுக்கும் ஒரு டிக்கெட் கிழிச்சார்.

கரெக்டா சம்பா அறுப்பு சமயத்துல சென்னை கம்பெனி ஒண்ணு டெஸ்ட் வச்சாங்க. சின்னதா ஒரு கேம் செஞ்சு, சொன்ன நாள் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும். ஒரு நிமிஷம் தாண்டினாலும் லிங்க் மூடிடும். அதுக்கு முன்னாடியே நாலு கம்பெனி கைய விரிச்சாச்சு. இதுவும் போச்சுன்னா பேங்க் கோச்சிங்ல சேர்ந்துடுறேன்னு அப்பாகிட்ட வாக்கு குடுத்திருந்தேன்.

அந்த வாரம் பாத்து அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். தூசி படக்கூடாதுன்னு தஞ்சாவூர்ல அத்தை வீட்டுல இருந்தார், அம்மாவும் கூட. எங்க நெல்லோ அரசாங்கத்துக்கு விக்கிறதுக்காகக் கொள்முதல் நிலையத்துல குவியலாக் கெடக்கு. நம்ம முறை வர்றப்ப ஆள் இல்லன்னா அடுத்தவங்களுக்குப் போயிடும். ராத்திரி சித்தப்பா காவல், பகல்ல நான்.

கடைசி நாள்... எங்க ஊர்ல பராமரிப்புன்னு காலைலேர்ந்து கரண்ட் கட். கொள்முதல் நிலையம் பக்கத்து ஊர் லைன், அங்க கரண்ட் இருந்துச்சு. நான் என்ன பண்ணேன்? மானிட்டர், சிபியு, கீபோர்டு எல்லாத்தையும் சித்தப்பாவோட ட்ராக்டர் டிப்பர்ல ஏத்திட்டேன். தூசி போகாம சிபியுவுக்கு அம்மாவோட பழைய நைட்டியப் போத்தி, மூட்டை மேல வச்சு, நெல்லு தூத்துற மெஷின் ஓடுற அதே போர்டுல பிளக்கச் சொருகினேன்.

இன்ஜினியரிங் படிச்சவ வேற!

மெஷின் மோட்டார் ஸ்டார்ட் ஆகுறப்பல்லாம் வோல்டேஜ் படுத்துடும். கம்ப்யூட்டர் டப்புன்னு அணையும். பில்டுன்னா எழுதின கோடு, படம், சத்தம் எல்லாத்தையும் சேத்து ஓடுற கேமா மாத்துறது; அது முடிய முக்கால் மணி நேரம் ஆகும், பாதியில அணைஞ்சா மறுபடி முதல்லேர்ந்து. ரெண்டு தடவை அணைஞ்சுது. மணி மூணே முக்கால். அழுதுட்டேன். அத்தனை பேர் முன்னாடி, வெக்கமே இல்லாம.

அப்ப மெஷின்ல ஓடினது கோவிந்தராசு மாமாவோட நெல்லு. எங்க ஊர்க்காரர்தான். வாய்க்கால் தண்ணி தகராறுல அப்பாவுக்கும் அவருக்கும் ஆறு மாசமாப் பேச்சே இல்ல. மேகம் வேற கருத்துக்கிட்டு நிக்குது. அவர்தான் கிட்ட வந்தார்.

"என்னம்மா ஆச்சு?"

"இத அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும் மாமா... இல்லன்னா இந்த வேலையும் கிடைக்காது. மெஷின் ஓடுனா அணைஞ்சு போவுது."

"எவ்வளவு நேரம் ஓடாம இருக்கணும்?"

"முக்கால் மணி நேரம்..."

அவர் வானத்தைப் பாத்தார். எல்லாரும் பாத்தாங்க. அப்புறம் திரும்பி, "மெஷின நிறுத்துங்கப்பா, டீ குடிச்சிட்டு வரலாம்"னார். லோடுமேன் செல்வம் அண்ணன் மூட்டைக்கு இவ்வளவுன்னு கூலி வாங்குறவர். அவரும் முணுமுணுக்கல. "நீ போடு பாப்பா"ன்னு தலையில கட்டியிருந்த துண்ட உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போனார்.

பில்டு முடிஞ்சு, மூட்டை அடுக்கு மேல ஏறி நின்னு போன்ல சிக்னல் புடிச்சு, அப்லோடு ஆகுறப்ப மணி நாலு அம்பத்தஞ்சு. அனுப்பியாச்சுன்னு ஸ்க்ரீன்ல வந்ததும் நான் போட்ட கத்தல்ல டீக்கடைலேர்ந்து ஓடி வந்துட்டாங்க, பாம்பு கீம்பு கடிச்சிடுச்சோன்னு.

அடுத்த பத்தாவது நிமிஷம் மழை புடிச்சுக்கிச்சு.

படுதா போட்டும் மாமா குவியல் ஓரமா நனைஞ்சுடுச்சு. மறுபடி காய வச்சு, ஈரப்பதம் பாத்து, எடை போட மூணு நாள் ஆச்சு அவருக்கு. மன்னிப்பு கேக்கப் போனேன். "நெல்லக் காய வச்சுக்கலாம்மா. ஒனக்கு அந்த அஞ்சு மணி திரும்ப வருமா?"ன்னார். எனக்கு வேலை கிடைச்ச செய்தி வந்தப்ப, அப்பா ஆபரேஷனுக்குப் போட்ட கறுப்புக் கண்ணாடியோட நேரா அவர் வீட்டுக்குத்தான் ஸ்வீட் பாக்ஸோட போனார்.

இப்ப... அதே மாதிரி பில்டு என் லேப்டாப்ல நாலு நிமிஷம். கரண்ட் போனாலும் தெரியாது. மெட்ரோல போய்க்கிட்டே அனுப்பிடுறேன். பக்கத்து சீட்டுல யாருன்னு நிமிந்துகூடப் பாக்குறதில்ல. வசதிதான், குறை சொல்ல மாட்டேன். அந்தப் பொண்ணுகிட்டயும் லேப்டாப்பே வாங்குன்னுதான் சொன்னேன். ஆனா நான் அன்னைக்குப் பவித்ரா பேச்சக் கேக்காதது எவ்ளோ நல்லதாப் போச்சு!

போன வருஷம் எங்க கேம் ரிலீஸ் ஆனப்ப, கடைசியில ஓடுற பெயர் வரிசையில நானா ரெண்டு பெயரச் சேத்தேன்... கோவிந்தராசு, செல்வம்.

டீம்ல ஒருத்தர் கேட்டார், "யாருங்க இவங்க? எந்த டிபார்ட்மென்ட்?"

பில்டு டிபார்ட்மென்ட்டுன்னு சொன்னேன்.