மலர் விழுந்தாளா, எழுந்தாளா?

முந்தாநாள் ஒரு காமிக்ஸ் புத்தகத்தைப் படித்து முடித்தேன்.

பதினாறு பக்கம். ஒன்பது நாள். (சிரிக்காதீர்கள். நான் எழுத்துக் கூட்டத் தொடங்கியே ஒரு வருடம்தான் ஆகிறது.)

முடித்ததும் கடைசிப் பக்கத்தை இன்னொரு தடவை படித்தேன்.

என் மகள் ஜோதி ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது டிவியில் ஒரு கபடி கார்ட்டூன் வந்தது. மலர் என்ற பெண்தான் அணித் தலைவி. அருப்புக்கோட்டையில் எங்கள் தெருவே அந்த நேரத்துக்குத் தறியை நிறுத்திவிடும்.

கடைசி வாரம், இறுதிப் போட்டி. மலர் பாடிப் போகிறாள்.

கரண்ட் போய்விட்டது!

ஜோதி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பஸ் ஸ்டாண்டுக் கடையில் அந்தக் கார்ட்டூனின் பாட்டுக் கேசட் வாங்கினால் இறுதிப் போட்டிக் கதை காமிக்ஸாக இலவசம் என்றார்கள். வாங்கி வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது, அதை யார் படிப்பது?

எழுத்து தெரியாவிட்டால் என்ன, படம் தெரியுமே. சேலைக் கரைக்குப் பூ போட, கட்டம் போட்ட டிசைன் காகிதத்தைக் கீழ் வரிசையிலிருந்து மேலே பார்த்துக்கொண்டே போவோம். சேலை அப்படித்தான் வளரும்.

காமிக்ஸையும் அப்படியே சொன்னேன்.

கடைசிப் பக்கத்தில் எதிரணி ஜம்பமாகக் கோப்பையைத் தூக்கிக் காட்டும். மலர் தரையில் கிடப்பாள். பிறகு காலைப் பிடித்தவளை உதறி எழுவாள். இரண்டு பேரைத் தொடுவாள். முடிவில் தொடை தட்டி நிற்பாள்.

கேசட்டில் பாட்டு ஓடும். பல்லவி முழுவதையும் ஒரே மூச்சில் பாட வேண்டும், கபடிப் பாட்டு அல்லவா. நானும் ஜோதியும் போட்டி போடுவோம். எப்போதும் அவள்தான் ஜெயிப்பாள்.

அந்த ஜோதி இப்போது திருச்சுழிப் பக்கம் ஒரு பள்ளியில் விளையாட்டு டீச்சர். ஒவ்வொரு போட்டிக்கு முன்பும் தன் பிள்ளைகளுக்கு மலர் எழுந்த கதையைச் சொல்கிறாளாம். பத்து நாளைக்கு முன் போன் செய்தாள்.

"நைனா, அந்தப் பொஸ்தகத்தையும் கேசட்டையும் எடுத்துட்டு வாங்க. பிள்ளைக பாக்கணுமாம்."

இப்போதுதான் எனக்கு எழுத்து தெரியுமே என்று மேலிருந்து கீழாக, முறையாகப் படித்தேன்.

மலர் தொடை தட்டிவிட்டுப் போகிறாள். இரண்டு பேரைத் தொடுகிறாள். காலைப் பிடித்துவிடுகிறார்கள். விழுகிறாள். கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் கை நின்றுவிடுகிறது. கோப்பை எதிரணிக்கு.

வீட்டம்மாவிடம் சொன்னேன்.

"பேசாம இருங்க. இத்தன வருசம் கழிச்சு அவளத் தோக்கடிக்கப் போறீகளா?" என்றாள்.

ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரியுமே! தங்கள் டீச்சர் பொய் சொன்னாள் என்று நினைத்துவிட்டால்?

நேற்று திருச்சுழி பஸ்ஸில் வழியெல்லாம் இதே கவலை. மைதானத்தில் ஜோதியைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் சிரித்தாள்.

"ரெண்டாவது படிக்கைலயே நானா வாசிச்சுட்டேன் நைனா. தோத்துட்டாளேன்னு ஒரே அழுகை. அப்புறம் நீங்க சொன்ன மாதிரி கீழருந்து பாத்தேன். எந்திரிச்சுட்டா."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எதுக்குச் சொல்லணும்? நல்லாத்தான சொன்னீக."

பிறகு புத்தகத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்து, "மேலருந்து ஒருக்கா படிங்கடி. கீழருந்து ஒருக்கா படிங்க. அப்புறம் கோட்டுக்கு வாங்க" என்றாள்.

ஏழு தலைகளும் மோதிக்கொண்டு கடைசிப் பக்கத்தில் குனிந்தன. ஒரு விரல் மேலிருந்து கீழே இறங்கி, திரும்ப மேலே ஏறியது. பிறகு ஒருத்தி தொடை தட்டினாள்!

கேசட்டைப் போட்டுப் பார்க்க அங்கே பெட்டி இல்லை. நானே பாடினேன். பாதிப் பல்லவியில் மூச்சு விட்டுப்போனது. மீதியை ஜோதி முடித்தாள். (இப்போதும் அவள்தான் ஜெயித்தாள்.)

நண்பர்களே, அந்தக் கடைசி வாரத்தைக் கரண்ட் போகாமல் டிவியில் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

இருந்தால், தயவுசெய்து கமெண்டில் எதுவும் சொல்லிவிடாதீர்கள்.